விசில் அக்கா ஸ்டியரிங் பிடித்த கதை

விசில் அக்கா சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நடக்கப் பழகின கையோடு தம்பி இடுப்பில் ஏறிக்கொண்டான். அவன் இறங்கியதும் காலுறை ஃபாக்டரியில் ஜோடி சேர்க்கும் வேலை. அப்புறம் பஸ் கண்டக்டர். அங்கேதான் டிரைவரை மடக்கினாள். அவர்தான் தன்னை மடக்கினார் என்று இன்றுவரை சாதிக்கிறாள். ஒரே பஸ்ஸில் அவர் முன்னால், அவள் பின்னால். ஒரு விசில் என்றால் நிற்பார், இரண்டு என்றால் கிளம்புவார். வீட்டில் மட்டும் தொண்டை கிழியக் கத்தினாலும் நகர மாட்டார்.

ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு பழைய வேனை வாங்கி, மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கண் டாக்டர் டிரைவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்றார். மனுஷன் இடிந்துபோனார். வாசலில் நிற்கும் வேனைத் துடைப்பதும், உள்ளே போய்ச் சுருண்டு படுப்பதுமாக இருந்தார். வேனை விற்றுவிடலாம் என்று மகள் சொன்ன அன்று அவர் சாப்பிடவே இல்லை.

"நான் ஓட்டுறேன்" என்றாள் அக்கா.

"நீயா? நீ சைக்கிள் எடுத்தாலே ரோடு காலியாயிடும்."

"அது அந்தக் காலம். இப்ப விழுந்தா உங்க மேலதான் விழுவேன். ஒழுங்கா கத்துக்குடுங்க."

காலையில் டிரைவிங் ஸ்கூல். சாயங்காலம் சமையலறையில் முக்காலி போட்டு, சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை. தட்டைத் திருப்புகிற மும்முரத்தில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டுக்கொண்டு, "கியர் மாத்தினது நல்லா இருந்துச்சு" என்றார் டிரைவர்.

பரீட்சை நாள் வந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்து சீட்டில் ஆய்வாளர் விறைப்பாக உட்கார்ந்தார். அக்கா என்ஜினைக் கிளப்பிவிட்டுக் கம்மென்று இருந்தாள்.

"கிளம்புங்கம்மா."

கால் அசைந்தால்தானே! பின்னாலிருந்து விசில் வரவில்லையே. கடைசியில் உதட்டைக் குவித்துத் தானே இரண்டு விசில் அடித்தாள். கார் ஜம்மென்று கிளம்பியது.

முதல் பஸ் ஸ்டாப்பில் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"ஆள் நிக்குதே, சார்."

இரண்டாவது ஸ்டாப்பில் பையும் கையுமாக ஒரு அம்மாள் பின்கதவைத் திறந்து ஏறியே விட்டார். "மார்க்கெட் போகுமா?"

"போகும் போகும், உள்ள தள்ளி உட்காருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் இது பரீட்சை என்பது அக்காவுக்கு உறைத்தது. எல்லாம் போச்சு. வேன் போச்சு, இனி மனுஷன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆய்வாளர் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். கோபம் என்று நினைத்தாள். அவருடைய தோள் குலுங்கியபோதுதான் மனுஷன் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிறார் என்று புரிந்தது.

"மார்க்கெட்லயே இறக்கிடுங்க" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. மார்க்கெட் வந்ததும், "அந்த ரெண்டு லாரிக்கு நடுவுல ரிவர்ஸ் எடுங்க, பாப்போம்."

ரிவர்ஸா! எத்தனை வருஷம் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கத்தியவள்! "வா வா வா, ஒடிச்சு வா, நேரா வா, வரலாம், போதும்!" என்று தனக்குத்தானே குரல் கொடுத்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் சொருகிவிட்டாள். பின்சீட்டு அம்மாள் கைதட்டிவிட்டுத்தான் இறங்கினார். அக்கா பாஸ்.

பள்ளி வேனின் முதல் ஓட்டம். அக்கா முன்னால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள டிரைவர் பின்னால். ஒரு பிள்ளை ஷூவைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிந்தது. இன்னொன்று அவர் சட்டையில் வாந்தி எடுத்தது. அம்மா வேண்டும் என்று ஒன்று அவர் மீசையைப் பிடித்துத் தொங்கியது. அக்காவோ பாடிக்கொண்டே ஓட்டினாள். கண்ணாடி முழுக்க ரோடு, மரம், வானம்! இத்தனை வருஷம் இதையெல்லாம் இந்த மனுஷன் தனியாகவா அனுபவித்தார்? அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, டிரைவர் வேன் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். தலைமுடி குத்திட்டு நின்றது.

"முதுகே விட்டுப்போச்சு. ஒரு நிமிஷம் உட்கார விடலையே. நீ எப்படிம்மா இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே வந்தே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இவ்வளவு கஷ்டம்னு ஒரு நாள்கூட எங்கிட்ட சொன்னதில்லையே, ஏன்?"

"சொல்லியிருந்தா திரும்பிப் பாத்திருப்பீங்க" என்றாள் அக்கா. "பஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சே!"