ஓடிக்கொண்டே கேட்பவர்

ஹெட்போன் மாட்டிச் சோதிக்க ரப்பர் தலை ஒன்று வரப்போகிறதாம். சரக்கு வண்டி ஓட்டுநரிடம் யாரோ சொல்லி, அவர் கேன்டீன்காரரிடம் சொல்லி, கேன்டீன்காரர் டீயை நீட்டும்போது போகிறபோக்கில் இவர் காதில் போட்டார். "காது, மூக்கு எல்லாம் இருக்காம். வேர்வைகூட விடுமாம். இனி உங்களுக்கு ஓய்வுதான் ஓட்டக்காரரே."

"தலை வந்தா போதுமா, கால் வேணாமா?" என்று சிரித்துவைத்தார். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கென்றே ஹெட்போன் தயாரிக்கும் நிறுவனம் அது. அங்கே இவர் வேலை ஓடுவது. எதிரே ஆளுயர மின்விசிறி காற்றை அடிக்க, காதோரம் உப்புத்தண்ணீர் வழிய, ட்ரெட்மில்லில் ஓடுவார். நழுவுகிறதா, உறுத்துகிறதா என்று சொல்வார். கடைசியில், ஓடியபடியே வெளியாள் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசி, அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று பத்துக்கு மதிப்பெண் தர வேண்டும். மற்றவர்கள் மனைவியைக் கூப்பிட்டார்கள், நண்பனைக் கூப்பிட்டார்கள். நரை தட்டியும் கல்யாணம் கூடிவராத இவருக்கு இருந்தது ஒரே ஆள்: கடல் தாண்டி இருக்கும் அக்கா.

வேலை விட்டால் ஒற்றை அறை. ஞாயிறு முழுக்க வாய் திறக்க ஆளிருக்காது; திங்கள் காலை முதல் சொல் கரகரத்துத்தான் வரும். அதனால் அந்தப் போன் நேரத்துக்காகவே ஓடுகிறோமோ என்றுகூட அவருக்குத் தோன்றும்.

"என்னடா, இன்னைக்கும் நாய் துரத்துதா?" அக்கா எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"ஆமாக்கா. இன்னைக்குக் கொஞ்சம் பெரிய நாய்."

அத்தான் போனபின் அவளும் தையல் மெஷினும்தான். வாடகை வீட்டையும் உரிமையாளர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எங்கே போவாய் என்று இவர் கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கலாம் விடு" என்பாள். தம்பியைப் படிக்கவைத்தவள், தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்டறியாதவள்.

அன்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், சோதனையைக் கவனிக்கும் பொறியாளர் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தலைக்குப் பிடிபடாத ஒன்றையாவது பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று இவர் காதைத் தீட்டிக்கொண்டார். காற்றின் இரைச்சல், காலடிச் சத்தம், பின்னால் தையல் மெஷினின் கடகடப்பு. மெஷின் நின்றது.

"ஒண்ணு கேக்கணும்டா," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "நான் அங்க வந்து உன்கூடவே இருந்துக்கட்டுமா?"

"அக்கா, கடைசி வார்த்தை காத்துல அமுங்குது. இன்னொரு தடவை சொல்லு."

மெஷின் ஒருமுறை கடகடத்து நின்றது. பிறகு அதே வாக்கியத்தை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல், உரக்கச் சொன்னாள்.

"இப்போ சுத்தமா இருக்கு. நீ மூச்சு விடறதுகூடக் கேக்குது. ஒன்பது போடலாம்."

"போட்டுக்கோ," என்றாள் அக்கா. "வேலையப் பாரு. வெச்சிடறேன்."

இறங்கித் துண்டால் காதைத் துடைத்து, மதிப்பெண் சீட்டை எடுத்தார். இரண்டாம் முறை குரலில் லேசான நடுக்கம் இருந்ததே. அது கருவியின் நடுக்கமா, பேசியவரின் நடுக்கமா? முடிவுசெய்வதற்காக அக்கா சொன்னதை மனதுக்குள் மீண்டும் ஓட்டிப் பார்த்தார். அப்போதுதான் அது வெறும் சத்தமாக இல்லாமல் வார்த்தைகளாக வந்து விழுந்தது.

பேனாவைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். தன் பழைய போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி அவளுக்கு விடலாம், தான் தரையில் படுக்கலாம், மெஷினைக்கூடக் கொண்டுவரச் சொல்லலாம். 'வாக்கா' என்று சொல்லிப் பார்த்தார், நின்றுகொண்டிருந்தும் மூச்சிரைத்தது.

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

"சார், அடுத்த செட் ரெடி," என்று பொறியாளர் அம்மா கதவருகே வந்து சொன்னார். இவர் கையை மட்டும் அசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவின் போன் எப்போதும் தையல் மெஷின் பலகைமேல்தான் இருக்கும். எடுக்க அவள் எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தது.