மாசிலாமணியின் மேல் விழுந்த பழி

செவ்வாய்க்கிழமை காலை கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது அரிசி ஆலைக் கூலி ஒருவர் வந்து நின்றார். "எடைக்கார மாசிலாமணி போய்ட்டாருங்க. காய்ச்சல். நாலு நாளா கஞ்சிகூட எறங்கலே" என்றார். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் நின்றிருந்தார்கள். திறந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஆலையில் மூட்டை எடை போட்டவர். மீதிப் பேருக்கு, கோ சான் என்ற பர்மிய வேட்டைக்காரரின் கண்ணைப் போக்கிய தோட்டாவைக் கலந்து அடைத்தவர். சுடுகாட்டில்கூட அதைத்தான் பேசினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ரங்கூனில் நான் இன்றும் இருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடையில்தான் நானும் அவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். பெரிய சண்டை முடிந்த பிறகு சீமையிலிருந்து புது மாதிரித் தோட்டாக்கள் வரத் தொடங்கின. குழலிலிருந்து பாயும் ரவை சிறியது, வெடிமருந்து வீரியமானது. உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் ரவை வேகமாகவும் நேராகவும் போகும். துரைமார்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். மாசிலாமணி மட்டும் இருபது தோட்டாவை எடுத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் வைத்தார், மிளகாய் காயப்போடுவதுபோல. பிற்பகல் பசுண்டாங் ஓடைக்கு அப்பால் ஒரு மண்மேட்டில் சுட்டுப் பார்த்தோம். நாலாவது வெடியில் பித்தளைக் கூடு குழலின் அடியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. கட்டையால் தட்டித்தான் எடுத்தோம். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு நசுங்கித் தட்டையாகியிருந்தது; வெயிலில் சூடேறிய மருந்தின் அழுத்தம் எல்லை மீறியதற்கு அடையாளம்.

"துப்பாக்கி பொய் சொல்லும் வேலு. வெறுங்கூடு சொல்லாது" என்றார்.

"அப்ப இதை விக்க வேணாங்கிறியா?"

"யாரு சொன்னா? நல்ல சாமான்ப்பா. பெரிய ரவை பட்ட மான் ரெண்டு மைல் ஓடிப் புதர்ல கெடந்து சாவுது. இது ஒரே அடி, முடிஞ்சுது. ஆனா சீமைக் குளிருக்கு அளந்த மருந்து நம்ம வெயிலுக்கு ஆவாது. கொறச்சுப் போடச் சொல்லணும்."

சும்மா சொல்லவில்லை. முதலாளியைப் பிடித்துக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வைத்தார். ஒரு வருஷம் கழித்து, வெயில் நாட்டுக்கென்று மருந்து குறைத்த தோட்டா வந்து சேர்ந்தது. கூடு அதேதான், ரவையும் அதேதான். அட்டைப் பெட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று எங்கள் எல்லோருக்கும் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கிக் கொடுத்தார். அவர் அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் அட்டைப் பெட்டிகள் பூஞ்சணம் பிடித்து உதிர்ந்துபோகும். ஆகையால் தோட்டாக்களை பிஸ்கட் டப்பாக்களில் மாற்றி, பெட்டியின் சீட்டை மேலே ஒட்டி, மெழுகு வைத்து அடைப்பது எங்கள் கடை வழக்கம். ஒரு டப்பாவில் ஒரு ஜாதிதான் இருக்க வேண்டும். ஒரு நாள் என் மனைவிக்கு வலி கண்டிருந்தது. வீட்டுக்கு ஓட வேண்டும். சிவப்புச் சீட்டு டப்பா ஒன்றில் கொஞ்சம் இடம் இருந்தது. மிச்சமிருந்த குளிர்நாட்டுத் தோட்டாக்களை அதிலேயே கொட்டி அடைத்துவிட்டேன். ஆம், நான்தான். மறுநாள் மகள் பிறந்தாள். டப்பா மறந்தே போயிற்று.

அடுத்த கோடையில் அந்த டப்பாவிலிருந்துதான் மாசிலாமணி கோ சானுக்கு எடுத்துக் கொடுத்தார். கோ சானுடையது பழைய துப்பாக்கி. காட்டில் இரண்டாவது வெடியில் கூடு கிழிந்து, நெருப்பும் புகையும் பின்பக்கம் அடித்தன. வலக்கண் போயிற்று.

மாசிலாமணி அந்த டப்பாவில் மீதமிருந்ததை முதலாளி முன்னால் தட்டான் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். சில தோட்டாக்கள் கனமாக இருந்தன. "யார் அடைச்சது?" என்றார் முதலாளி. மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவன்போல நின்றேன். "நான்தாங்க" என்றார் அவர். அன்றே வேலை போயிற்று.

தெருவில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "ஒனக்குப் புள்ளை இருக்கு. எனக்கு யாரு இருக்கா? போ, மத்த டப்பாவையும் நிறுத்துப் பாரு. வேற எதுலயாவது கலந்திருக்கப் போவுது" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றிரவே எல்லா டப்பாவையும் நிறுத்துப் பார்த்தேன். வேறு எதிலும் கலப்பு இல்லை.

ஏழு வருஷம் ஆகிறது. அவர் அரிசி ஆலைக்கு எடை போடப் போனார், அவர் நாற்காலி எனக்கு வந்தது. வழியில் பார்த்தால் மகளைப் பற்றி விசாரிப்பார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சுடுகாட்டுக்குக் கோ சானும் வந்திருந்தார். சிதையைப் பார்த்துக்கொண்டே, பர்மிய வழக்கில் என்னை அண்ணன் என்றும் அவரைக் கோ மாசி என்றும் அழைத்து, "ஆக்கோ, கோ மாசி மாசாமாசம் நம்ம வூட்டுக்கு வருவாரு. உக்காந்துட்டுப் போவாரு. ஒரு நாளு நானே சொல்லிட்டேன், எனக்கு உம்மேல கோவம் இல்லே, மனசுல வச்சுக்காதேன்னு. அழுதுட்டாரு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சீ, என்ன பிறவி.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துப்போனேன். நாளை முதலாளியிடம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். கோ சானுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இது அச்சானதும் நானே எடுத்துப்போய், அவர் முன்னால் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிப்பேன். கடைசி வரி இதுதான்: கோ சான், நீங்கள் மன்னித்தது தப்பான ஆளை.