கடல் கடக்காத பனியன்

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்தப் பனியன் கிடைத்தது. நெஞ்சில் இடவலம் மாறி அச்சான எழுத்துகளைக் கண்ணாடியில் காட்டிப் படம் பிடித்து, கைபேசியில் தேடினேன். பொன்டோபொரோஸ். பழைய கிரேக்கர்கள் கப்பலுக்குக் கொடுத்த அடைமொழியாம். ‘பொன்டோஸ்’ கடல், ‘போரோஸ்’ கடந்துபோகும் வழி. கடலைக் கடக்கிற கப்பல். அந்தப் ‘பொன்டோஸ்’ என்ற சொல்லுக்கே வேர்ப்பொருள் பாதைதான் என்கிறார்கள். கடலையே பாதையாகப் பார்த்த மகராசன்கள்! எங்கள் வீட்டில் அந்தச் சொல் அப்பாவுக்கு வேலையைவிட்டு வெளியே போகிற வழியைத்தான் காட்டியது. அதன்பின் அவரை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அருள்புரத்தில் அம்மாவின் அண்ணன் நடத்திய பனியன் கம்பெனியில் அப்பா பிரிண்டிங் மாஸ்டர். முதலில் அச்சாகும் பனியனை மாமா பார்த்து, உள்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவற்றை அடிக்கலாம். அன்று போனில் பேசிக்கொண்டே நீல மைப்பேனாவால் கிறுக்கிக் கொடுத்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் அங்கே நின்று பார்த்தேன்.

கிரேக்க எழுத்து எங்களில் யாருக்குத் தெரியும்? அச்சுக்கான ஃபிலிமைப் புரட்டி ஒட்டியிருந்தது, மொத்த லாட்டும் அடித்து முடிந்து, சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. “காலைல பேசிக்கலாங்க” என்று மாமா அவரை அனுப்பிவைத்தார்.

அன்று மாலை மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு பனியனை நீட்டினார். “இது உனக்குத்தான் கண்ணு. பிரிண்டு வாடை அடிக்கும், ஊட்டுக்குப் போனதும் நல்லா சோப்புப் போட்டுத் தொவச்சுப் போட்டுக்கோ.” மாமா கையால் எதையாவது வாங்குவது அத்தி பூத்தாற்போல நடக்கிற காரியம். நானே வாளியில் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தேன். தண்ணீரில் நீலம் இறங்கியது.

காலையில் அதைப் போட்டுக்கொண்டு அப்பாவுடன் போனேன்.

“நீங்க கையெழுத்துப் போட்ட பொறவுதானுங்க மச்சான் ஓட்டுனேன்” என்றார் அப்பா, பையரின் ஆள் முன்னால்.

“அந்தப் பீஸு எங்கீங்க மாப்ளே? எடுத்துக் காட்டுங்க, பாக்கலாம்.”

அப்பா மேசை, அலமாரி, மூட்டை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அருகில் வந்து என் பனியனின் கீழ்விளிம்பைத் திருப்பினார். உள்ளே வெளிறிய நீலக் கறை.

“யாரு கண்ணு குடுத்தது?”

“மாமாதானுங்கப்பா. நானே தொவச்சேன்!”

அப்பா விளிம்பை இறக்கி நேராக்கிவிட்டார். தன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

மாமா என் தலையைத் தடவி, “கெட்டிக்காரி” என்றார். துவைத்ததைத்தான் மெச்சுகிறார் என்று நினைத்து, நான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன்.