ஒரு சொல்லும் ஒரு கிணற்று மறைப்பும்

இருவர் விருந்துண்ண மூன்றாமவருக்கு அஜீரணம் வருவதற்குப் பெயர்தான் மொழிபெயர்ப்பு உத்தியோகம். அதில் அகப்பட்டு விழித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில், பட்டம் பெற்ற கையோடு, புத்தளத்தில் ஒரு நிவாரண அலுவலகத்தில் சேர்ந்தேன். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தில்லையடிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் இருந்தன. அவர்கள் சொல்வதை வெள்ளைக்கார அதிகாரி அம்மையாருக்கு ஆங்கிலத்திலும், அவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை.

சொல் வந்து சேர்ந்த விதம்

முகாம் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கிணற்றைச் சுற்றி ஒரு தகர மறைப்பு. கிணறு பஸ் ஓடும் வீதியோரம் இருந்தது. விடியுமுன் குளித்தால் குளியல். தவறினால் அன்றைக்கு வியர்வைதான். அம்மையாரோ, தலைமையகம் அசைய வேண்டுமானால் ‘டிஸ்ட்ரெஸிங்’ கதைகள் வேண்டும் என்றார். கேட்பவர் மனத்தை உலுக்கிக் கலங்கவைப்பதற்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். நான் அதைத் தமிழில் விளக்கி முடித்ததும், பெண்களுக்காகப் பேசும், முகாமுக்கே அக்காவான கதீஜா ராத்தா கேட்டார்:

“குளிக்க ஏலாம இருக்கிறது காணாதா மிஸ்? அதுக்கு மேல அழவும் வேணுமா?”

ரொட்டி

அம்மையார் கதை கேட்க வந்தார். முகத்தில் இரக்கமும் கையில் கைக்குட்டையும் முன்கூட்டியே தயாராக இருந்தன. ஆனால் வந்தவர் உண்ணுமுன் துக்கம் சொல்வது அந்தப் பெண்களிடம் வழக்கமில்லை; வீடு ஓலையாய்ப் போனாலும் வழக்கம் போகவில்லை. தேங்காய் ரொட்டியும் சம்பலும் வந்தன. பிறகு, ஊரை விட்டு ஓடிய அவசரத்தில் தன் கணவர் கோழிகளை விட்டுவிட்டு வெறுங்கூட்டை மட்டும் தோளில் சுமந்துவந்த கதையைக் கதீஜா ராத்தா நடித்தே காட்டினார். கொட்டில் முழுவதும் சிரித்தது. இது உங்களுக்கு டிஸ்ட்ரெஸிங்காக இல்லையா என்று அம்மையார் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். ராத்தா அம்மையாரின் தட்டைப் பார்த்தார். வெள்ளைக்காரச் சீமாட்டி என்றால் அங்கே ‘நோனா’தான்.

“நோனாட ரொட்டி முடிஞ்சிட்டு, அதுதான் இப்ப கவலை. இன்னொண்டு வையுங்கோ.”

ஒத்திகை

அம்மையாரின் அடுத்த வருகைக்கு முன் பெண்கள் அழுகைக்கு ஒத்திகை வைத்தார்கள். அதிகாரிக்குரிய கதிரையில் என்னை அமர்த்தினார்கள். கதீஜா ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தி இருமுறை விம்மினார். மூன்றாவது விம்மல் சிரிப்பாகிப் புரையேறியது. முதுகில் தட்டப்போனவர்களும் சிரிப்பில் சரிந்தார்கள். அதிகாரியாகிய நானும் பதவியை மறந்தேன். பக்கத்துக் கொட்டில் பரீதாவே தீர்ப்புச் சொன்னாள்:

“ராத்தா, இப்பிடி அழுதா நோனா தகரம் தராது. டிக்கட் எவ்வளவெண்டு கேக்கும்.”

சரியான பிரயோகம்

அம்மையார் மழை விட்ட ஒரு முற்பகலில் வந்தார். அழுகையைக் கேட்குமுன் கிணற்றைப் பார்க்கப் போனார். கிணற்றடிச் சேற்றில் முழுமையாக விழுந்தார். வந்தவரைச் சேற்றோடு அனுப்புவதும் அங்கே வழக்கமில்லை. மறுக்க அவகாசம் தராமல், பூப்போட்ட சீத்தைத் துணியை மார்புக்கு மேல் குறுக்குக்கட்டாகக் கட்டிவிட்டுப் பெண்கள் வாளி வாளியாக ஊற்றினார்கள்.

அப்போது கொழும்பு பஸ் வந்தது. சாரதி வேகத்தைக் குறைத்தார். பயணிகள் அனைவரும் ஒரே பக்கத்து யன்னல்களுக்கு வர, பஸ்ஸே சற்றுச் சாய்ந்தது. கைகளால் தோள்களை மூடிக்கொண்டு, பற்களுக்கிடையே அம்மையார் சொன்னார்: டிஸ்ட்ரெஸிங். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். கதீஜா ராத்தா வாளியை உயர்த்தியபடி தடுத்தார்:

“அதை மாத்திச் சொல்ல வேணாம் மிஸ், விளங்கிட்டு. பஸ் போற வரைக்கும் இன்னும் ரெண்டு வாளி ஊத்துறன்.”

அடுத்த வாரமே தகரம் வந்திறங்கியது: ஒரு சனமே ஊரிழந்து வந்தும் அசையாத தலைமையகத்தை அசைக்க, சரியான ஆளின் நனைந்த முதுகு ஒன்று போதுமாயிருந்தது.