தம்பியும் நானும் ஒரே ஆள்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் பெம்பான் பக்கத்தில் நாங்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை முதலாளி விற்றபோது, மாற்று வீடு கிடைக்க வேண்டியவர்களின் பட்டியலைக் கோயில் மண்டபத்தில் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது, தம்பி பெயர் இல்லை. அவன் வேலைக்குப் போயிருந்தான். பட்டியல் அன்று மாலையே வீடு ஒதுக்கும் ஆபீசுக்குப் போகவிருந்தது.

கணினியில் பட்டியல் போட்ட கோயில் கமிட்டிச் செயலாளர் அக்கா எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்: "ரெண்டு பெயரு எழுத்துக்கு எழுத்து எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஃபார்முலா சொல்லும் லா. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல வந்தா ஒரே ஆள் ரெண்டு தடவ பதிஞ்சதுன்னு ஒண்ண பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன்."

எங்கள் சொந்தப் பெயர்கள் சின்னவை. அவற்றின் பின்னால் வரும் அப்பா பெயர்தான் நீளம், அது இருவருக்கும் ஒன்றே. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, நீங்க எடுத்தது என் தம்பிய."

"ரெண்டு பேரும் வாயே தொறக்க மாட்டீங்க, கணினி பாவம் என்ன செய்யும்?" என்றார் பின்னாலிருந்து ஒரு மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. ஒரே ஆள் என்று எடுத்த இடங்களில் அப்பா பெயர்களை விலக்கிவிட்டு, சொந்தப் பெயர்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார். தம்பி பட்டியலுக்குத் திரும்பினான். அவனைப் போலவே விடுபட்டிருந்த வேறு வீட்டுத் தம்பி, தங்கைகளின் பெயர்களும் பட்டியலுக்கு வந்தன.

இதை எழுதியது தைப்பூசத்துக்கு மறுநாள்.