முதல் காய்

உயர்தர வகுப்புக்கு நான் வரலாறு படிப்பிக்கிறேன். ஒரு கம்யூனிச நாடு கையிலிருந்ததையெல்லாம் படைக்குக் கொட்டிவிட்டுச் சனத்தைப் பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கவைத்த கதை பாடத்தில் வரும். "தொழிற்சாலை, பண்ணை எல்லாம் முதலில் படைக்கு, மிச்சம்தான் சனத்துக்கு" என்று கரும்பலகையில் எழுதுவேன். இந்தத் தவணை அதை எழுதிய கையோடு அழித்துவிட்டேன். காரணம் என் அக்கா.

பரந்தனுக்குக் கிழக்கே அக்காவுக்குக் கத்தரித் தோட்டம் இருந்தது. சண்டை முடிந்து திரும்பியபோது அது இராணுவ முகாமின் முள்வேலிக்குள் போயிருந்தது. உள்ளே பண்ணை போட்டார்கள், பெருவீதியோரம் கடையும் போட்டார்கள். தண்ணீர் இறைக்கும் எண்ணெயும் ஆட்களின் சம்பளமும் அரசாங்கத்தின் தலையில். பிறகு மலிவாக விற்க என்ன கஷ்டம்? சந்தியில் மரக்கறி விற்ற சனம் ஒவ்வொருவராகச் சாக்கைச் சுருட்டினார்கள். வேலியே பயிரை மேயும் என்பார்கள். இந்த வேலி மேய்ந்த மிச்சத்தை விற்கவும் செய்கிறது, தூ!

புருஷன் இல்லாத அக்கா, பிள்ளைகளுக்காக அதே பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தாள்.

"வேறை எங்கை போறது, சொல்லு பாப்பம்?" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் முதல் காய் பிள்ளையாருக்கு. அவருக்கு வைக்காமல் எதுவும் சட்டிக்குள் போகாது. இந்தப் போகம் பண்ணைக்காரர் அக்காவின் பழைய காணித் துண்டிலேயே கத்தரி நட்டார்கள். காய்த்ததும் அவள் மூன்று காயைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்த சிப்பாய், களவா என்று கேட்டான்.

"இல்லை ஐயா, சாமிக்கு. என்ரை காணியிலை காய்ச்சது."

அவன் சிரித்தானாம். காயைப் பறித்துக்கொண்டு, இன்னொரு முறை செய்தால் வேலை போய்விடும் என்றானாம்.

வெள்ளிக்கிழமை அக்கா வீதியோரக் கடைக்குப் போய் அந்தப் பண்ணைக் கத்தரிக்காயையே வாங்கிவந்தாள். இருவரும் கோயிலுக்குப் போனோம். அவள் பையைத் திறக்கவேயில்லை.

"அவங்களிட்டை விலைக்கு வாங்கினதை முதல் காய் எண்டு எப்பிடியடி வைக்கிறது?"

வைக்காததால் சமைக்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. குசினி மூலையில் கிடந்து அழுகி நாறியது. பிள்ளைகள் சம்பலோடு சோறு தின்றார்கள்.

திங்கள் விடிய அக்கா பண்ணையில் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு, மிச்சக் காய்களைப் பிடுங்கிக் கொடுக்க முகாமுக்குப் போனாள்.