மரவள்ளி லாரியும் வெர்ஷன் 1.0-உம்

0.9

“இன்னா சார், பூஜ்யத்துல ஆரம்பிக்குது?”

கச்சிராயபாளையத்தில் இருந்த உழவர் நிறுவனத்தின் தலைவர், தொடக்க விழா பேனரின் மாதிரியை என்முன் விரித்துவைத்துக் கேட்டார். கல்வராயன் மலையின் மரவள்ளி விவசாயிகளையும், கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளையும் இணைக்கும் டேட்டா பிளாட்ஃபார்ம் ஒன்றை அவர்களுக்காக உருவாக்கிக்கொண்டிருந்தோம். யாருடைய நிலத்துக்கு என்றைக்கு லாரி வரும் என்பதைக் கணக்கிட்டு, அது விவசாயியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். அதைக் கண்டதும் அவர் கிழங்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய கிழங்கு இரண்டொரு நாளுக்கு மேல் தாங்காது, கறுத்துவிடும். ரிலீஸ் மேனேஜர் என்ற முறையில், எந்த வெர்ஷன் எப்போது வெளியே போகலாம் என்று சொல்வது என் பொறுப்பு.

நான் தேவாரப் பதிகங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன். முதலில் வீட்டில் தனியே சொல்லிப் பார்ப்போம். பிறகு உடன் பயில்வோர் முன். பிறகு ஏட்டைப் பாராமல் ஆசிரியர் முன். சந்நிதியில் பாடுவது அதற்குப் பின்புதான். ஆல்பா, பீட்டா, ரிலீஸ் கேண்டிடேட், ரிலீஸ் என்னும் நிலைகளையும் நான் அப்படியே புரிந்துகொண்டேன். 0.9 பீட்டாதான், உடன் பயில்வோர் முன் சொல்லிப் பார்க்கும் நிலை. அதிலிருந்த லாரி தேதிகள் சோதனைக்காக நாங்களே இட்டவை. இதைத் தலைவரிடம் விளக்கினேன்.

“நெத்தி நெறைய துன்னூறு பூசிக்கினு நீங்களே இப்டி சொன்னா எப்டி சார்? நல்ல நாள் பாத்து வெச்சிருக்கறேன். பூஜ்யம்னு போட்டா சிரிப்பானுங்க. ஒண்ணுன்னு போடுங்க, நெம்பர் தான?”

“வெறும் நெம்பர் இல்லீங்க. ஒண்ணுன்னு போட்டா, இத நம்பி வேலை செய்யலாம்னு அர்த்தம்.”

மறுத்துவிட்டு, ஊர் திரும்ப உளுந்தூர்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன். நான் போன பின் அவர் எங்கள் புரோகிராமர் கவிதாவைப் பிடித்துக்கொண்டார். விழாத் திரையில் தெரிவதற்கு மட்டும்தானே என்று எண்ணி, கவிதா மென்பொருளிலும் 1.0 என மாற்றிக் கொடுத்துவிட்டார்.

1.0

முன்பு இதில் பணியாற்றி விலகிய ஒருவர், வெர்ஷன் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் செய்திகள் எவருக்கும் போகாதபடி ஒரு தடையை எழுதிவைத்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். எவரிடமும் சொல்லாமல் போனதுதான் குறை. எண் மாறியதும் தடை நீங்கியது. விழா நாளன்று விடியலில், ‘இன்று மாலை லாரி வரும், கிழங்கைப் பிடுங்கி வைக்கவும்’ என்ற செய்தி, சோதனைத் தேதிகளின்படி மலைக்குப் போயிற்று.

பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. சின்னப்பொண்ணு மட்டும் பிடுங்கினார். பீட்டா சோதனைக்கு மலையிலிருந்து முதலில் தம் கைபேசி எண்ணைக் கொடுத்தவர் அவர். விழா நடந்துகொண்டிருக்கும்போதே, அப்போதுதான் பந்தலுக்கு வந்து சேர்ந்திருந்த என்னை அழைத்தார்.

“சார், லாரி எங்க வந்துக்கினு இருக்குது?”

“எந்த லாரிம்மா?”

“நீங்க அனுப்புன லாரிதான். ஆளு வெச்சு பாதிக் கொல்ல கெழங்க பிடுங்கிப் போட்டாச்சு. பக்கத்துக் கொல்லக்காரன், போன்ல வந்தத நம்புன ஆளு நீ ஒருத்திதான்னு நின்னு சிரிச்சிக்கினு இருக்கறான்.”

விசாரித்தபோது கவிதா நடந்ததை மறைக்காமல் சொன்னார். “திரும்ப 0.9-க்கே மாத்திடட்டுமா சார்?” என்றும் கேட்டார்.

வெளியே போன எண்ணைத் திரும்பப் பெறுவது எங்கள் தொழிலில் முறையன்று. தவறு இருந்தால் அடுத்த எண்ணில் திருத்துவோம். செய்திகளை நிறுத்துமாறும் எண்ணைத் தொடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத் தலைவரிடம் போனேன்.

“டெஸ்ட் மெசேஜுன்னு சொல்லிடுங்க சார். ஒரே ஒரு அம்மாதான?”

“பேனர்ல ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே. நம்பி வேலை செய்யலாம்னுதான அர்த்தம்? அந்தம்மா நம்பிட்டாங்க.”

“பாதிக் கொல்ல கெழங்குக்கு எவன் சார் மலைக்கு வண்டி உடுவான்? டீசலுக்கே கட்டாது.”

“கட்டாதுங்க. ஆனா அனுப்பணும்.”

தலைவர் பேனரைப் பார்த்துவிட்டு வெளியே நடந்தார். பந்தலுக்கு வெளியே, கொடியசைத்துத் தொடங்கிவைப்பதற்காக அவருடைய மினி லாரி வாழைமரம் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. பத்தடி ஓட்டிக் காட்டுவதோடு அதன் வேலை முடிவதாக இருந்தது.

“இன்னாப்பா, வண்டில டீசல் இருக்குதா?” என்று டிரைவரைக் கேட்டார்.

மாலையில் சின்னப்பொண்ணு மீண்டும் அழைத்தார். “வந்துச்சு சார். வாழமரம்லாம் கட்டிக்கினு வந்துச்சு. கல்யாண வூட்டு வண்டி வழி தெரியாம ஏறிடுச்சுன்னு பாத்தோம். சிரிச்ச அந்தக் கொல்லக்காரன்தான் மூட்ட தூக்கி உட்டான்.”

1.0.1

வெர்ஷனின் முதல் எண், பயன்படுத்துவோரின் வேலைமுறையே மாறும்போது ஏறும். நடு எண், புதிய வசதி சேரும்போது. கடைசி எண், பழுது நீக்கும்போது. எனவே அடுத்தது 1.0.1 ஆயிற்று. சோதனைச் செய்திகள் எங்கள் கைபேசிகளுக்கு மட்டும் வரும்படி செய்தோம். செய்தித் தடையை வெர்ஷன் எண்ணிலிருந்து பிரித்து, எல்லோரும் காணும்படி தனி சுவிட்ச் ஆக்கினோம். டிரைவர் ஒப்புக்கொண்ட பின்பே விவசாயிக்குச் செய்தி போகும் என்று மாற்றினோம்.

வெர்ஷன் எண்ணை யார் கேட்டாலும் கொடுத்துவிடலாம். அதை நம்பி மண்ணிலிருந்து ஒன்றைப் பிடுங்கப்போகிறவர் யார் என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே.

1.0.1-ஐ வெளியிடுமுன் கவிதாவையே சின்னப்பொண்ணுவிடம் பேசச் சொன்னேன். என்னென்ன மாறியிருக்கிறது என்று கவிதா விளக்கத் தொடங்கினார்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா. லாரி வருமா, வராதா?”

கவிதா அருகிலிருந்த டிரைவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“வரும்மா. நாளைக்கு.”

“அப்ப மீதிக் கொல்லயப் பிடுங்கறேன்.”

அதன் பிறகே வெளியிட ஒப்புதல் கொடுத்தேன்.